படைமருத்துவமனையும் மதிப்பீட்டின் கடமையும்

படைமருத்துவமனைக்கு வரும் நோயாளி அந்த மருத்துவமனையைத் தேர்ந்தெடுத்து வருபவர் அல்லர். அங்கே அவரைப் பரிசோதிக்கும் மருத்துவரும் தம் மேசைமேல் இருக்கும் கணினி நிரலைத் தேர்ந்தெடுத்தவர் அல்லர். ஊரில் இருக்கும் ஒரு மருத்துவமனையில் சீட்டு எழுதும் முறை குழப்பமானால், மருந்து மாறிப்போனால், காத்திருப்பு நீண்டால், நோயாளி அடுத்த மருத்துவமனைக்குப் போகலாம். வேலை பிடிக்காத செவிலியர் விலகிக்கொள்ளலாம். இந்த விலகல்களே நிர்வாகத்துக்கு ஏதோ கெட்டுப்போயிருக்கிறது என்பதைத் தாமதமாகவேனும் தெரிவித்துவிடும். படையில் அந்த வழி அடைபட்டிருக்கிறது. சிகிச்சை பெறுபவரும் சிகிச்சை தருபவரும் ஒரே கட்டளை அமைப்புக்குள் இருப்பவர்கள். கருவி எவ்வளவு மோசமாக இருந்தாலும் அதைப் பயன்படுத்தும்படி ஆணை வந்துவிட்டால் பயன்படுத்தியே ஆகவேண்டும். ஆகவே படைமருத்துவமனைகளில் ஒரு புதிய மருத்துவத் தகவல் அமைப்பை நிறுவும்போது அதை மதிப்பிடும் பணி, கொள்முதல் சடங்கின் கடைசிப் படிவமாகச் சுருங்கிவிடக் கூடாது. விலகிச்செல்ல முடியாதவர்களின் குறை மேலிடத்துக்கு முறைப்படி போய்ச்சேரும் வழி பெரும்பாலும் அது ஒன்றுதான்.

இதை ஆராய்வதற்கு உகந்த நிகழ்வு, அமெரிக்கப் பாதுகாப்புத் துறை தன் மருத்துவமனைகளில் நிறுவிய எம்எச்எஸ் ஜெனிசிஸ் என்னும் மின்னணு மருத்துவப் பதிவு அமைப்பு. படைவீரர்கள், அவர்களது குடும்பத்தினர், ஓய்வுபெற்றோர் எனச் சுமார் 95 லட்சம் பேருக்குச் சிகிச்சை வழங்கும் ஒரு பெரும் மருத்துவ வலைப்பின்னலுக்காக அது வாங்கப்பட்டது. அதை மதிப்பிட்டவர்கள் கண்டவை பொது ஆவணங்களாக வெளியாயின. அந்த மதிப்பீடு நிறுவும் பணியின் போக்கையும் ஓரளவு மாற்றியது. பெருந்தொகைக்கு வாங்கப்பட்ட ஓர் அரசுக் கணினி அமைப்பைப் பற்றி அரசின் இன்னொரு கிளையே வெளிப்படையாகப் பாதகமான தீர்ப்பு எழுதுவது எந்த நாட்டிலும் அடிக்கடி நிகழ்வதில்லை என்பதால், அந்தத் தீர்ப்பு எப்படி உருவானது, அது எதை அளந்தது, எதை அளக்கத் தவறியது என்பவை நிதானமாகப் பார்க்கத் தக்கவை.

மருத்துவத் தகவல் அமைப்பு என்பது நோயாளியின் கேஸ் ஷீட்டைத் திரையில் காட்டும் நிரல் மட்டும் அன்று. மருத்துவர் எழுதும் மருந்து, ஆய்வகத்துக்குப் போகும் ரத்த மாதிரி, எக்ஸ்ரே பிரிவுக்குப் போகும் வேண்டுகோள், புறநோயாளிப் பிரிவின் நேர ஒதுக்கீடு, வார்டில் செவிலியர் கொடுத்த மருந்தின் குறிப்பு, ஒவ்வாமை பற்றிய எச்சரிக்கை ஆகிய யாவும் அதன் வழியாகவே ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் போகின்றன. தாள்களும் தொலைபேசியும் வாய்மொழியும் சேர்ந்து செய்துவந்த பணியை ஒரே தடத்துக்கு மாற்றும்போது மருத்துவமனையின் வேலைப்பங்கீடே மாறிவிடுகிறது. முன்பு செவிலியர் செய்ததை மருத்துவர் செய்ய நேரிடும், மருந்தாளர் ஒரு பார்வையில் சரிபார்த்தது ஐந்து திரைகளுக்குப் பின்னால் போய்விடும். எனவே அமைப்பை மதிப்பிடுகிறவர் உண்மையில் மாற்றியமைக்கப்பட்ட ஒரு மருத்துவமனையை மதிப்பிடுகிறார்.

படைமருத்துவத்தில் பதிவேடுகளின் குறைபாடு பழைய நோய். கிரிமியப் போரின்போது 1854-இல் ஸ்குட்டாரி மருத்துவமனைக்குச் சென்ற ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல், அங்கே இறந்தவர்களின் எண்ணிக்கையைக்கூட ஒன்றோடொன்று பொருந்தாத வெவ்வேறு பதிவேடுகள் வெவ்வேறாகச் சொல்வதைக் கண்டார். நாடு திரும்பிய பின் புள்ளியியலாளர் வில்லியம் ஃபாரின் துணையோடு அவர் நடத்திய நெடும் போராட்டத்தின் சாரம், காயங்களைவிடத் தடுத்திருக்கக்கூடிய நோய்களே படைவீரர்களைப் பெருமளவில் கொன்றன என்பது. ஒரே சீரான பதிவுமுறை இல்லாவிட்டால் அந்த உண்மை யார் கண்ணிலும் பட்டிருக்காது என்பதும் அதன் உள்ளே அடங்கியது. ஏறத்தாழ 140 ஆண்டுகள் கழிந்தும் நிலைமை முழுக்கச் சீர்ப்படவில்லை. 1990-91 வளைகுடாப் போரிலிருந்து திரும்பியவர்களில் பலர் விளங்காத உடல்நலக் குறைகளோடு வந்தபோது, யாருக்கு எந்தத் தடுப்பூசி எப்போது போடப்பட்டது, யார் எந்த நச்சுப்பொருளுக்கு அருகே இருந்தார் என்பதைக் கூறும் பதிவுகள் பல இடங்களில் இல்லை அல்லது முழுமையாக இல்லை. ஒவ்வொரு படைவீரருக்கும் பணிக்காலம் முழுவதும் தொடரும் ஒரு மருத்துவப் பதிவு வேண்டும் என்று 1997 நவம்பரில் அதிபர் கிளின்டன் ஆணையிட்டதற்கு அந்த வெறுமையே காரணம்.

அந்த ஆணைக்கு முன்பே கணினி வந்துவிட்டிருந்தது. 1988-இல் எஸ்ஏஐசி நிறுவனத்துக்கு வழங்கப்பட்ட நூறு கோடி டாலர் அளவிலான ஒப்பந்தத்தின் வழியே உருவான சிஎச்சிஎஸ் என்ற அமைப்பு, முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் வளர்ந்த ஒரு நிரலை அடிப்படையாகக் கொண்டது. ஆய்வகம், மருந்தகம், எக்ஸ்ரே, நேர ஒதுக்கீடு ஆகியவற்றை அது நன்றாகவே நடத்தியது. அதன்மேல் 2004 முதல் பரப்பப்பட்ட ஆல்டா என்ற புறநோயாளிப் பதிவு அமைப்பை மருத்துவர்கள் கடைசிவரை விரும்பவில்லை. அது மெதுவாக இயங்கியது, அடிக்கடி நின்றுபோனது. நோயாளி சொன்னதைத் தம் சொற்களில் எழுதிப் பழகியவர்களை முன்கூட்டியே அடுக்கப்பட்ட சொற்பட்டியலிலிருந்து ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுக்கும்படி அது கட்டாயப்படுத்தியது. உள்நோயாளிகளுக்கு வேறொரு நிரல், போர்முனைக்கு இன்னொன்று. இப்படிப் பிளவுபட்ட பதிவுகளை ஒன்றாக்கவும், படையிலிருந்து ஓய்வுபெற்றவர் முன்னாள் படைவீரர் நலத்துறை மருத்துவமனைக்குப் போகும்போது அவரது பதிவும் கூடவே போகவும், இரண்டு துறைகளும் சேர்ந்து ஒரே அமைப்பைக் கட்ட எடுத்த முயற்சி 2013 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. பின்னர் பாதுகாப்புத் துறை சந்தையில் கிடைக்கும் அமைப்பையே வாங்குவதென முடிவுசெய்து, 2015 ஜூலையில் சுமார் 430 கோடி டாலர் மதிப்பில் லைடோஸ் நிறுவனம் தலைமையேற்ற, செர்னர் என்ற நிறுவனத்தின் நிரலை மையமாகக் கொண்ட கூட்டணிக்கு ஒப்பந்தம் அளித்தது. லைடோஸ் என்பது பழைய எஸ்ஏஐசி 2013-இல் பூண்ட புதுப்பெயர். தலைமுறைகள் மாறினாலும் இத்தகைய பெரும்பணிகளைச் செய்யவல்ல கைகள் மிகச் சிலவே என்பதை இது காட்டுகிறது. விற்பவர்கள் சிலராக இருக்கும் இடத்தில் வாங்குபவரின் சோதனை கடுமையாக இருந்தாக வேண்டும்.

அந்தச் சோதனையைச் செய்யும் அதிகாரம் யாரிடம் இருந்தது என்பதில்தான் இந்த நிகழ்வின் தனித்தன்மை இருக்கிறது. அமெரிக்க நாடாளுமன்றம் 1983-இல் சட்டமியற்றி, பாதுகாப்புத் துறைக்குள் நடைமுறைச் சோதனைக்கும் மதிப்பீட்டுக்குமான ஒரு தனி இயக்குநர் பதவியை உருவாக்கியது. ஆயுதங்களை உருவாக்குபவர்களே அவற்றைச் சோதித்து நற்சான்றும் வழங்கிக்கொள்வதை நிறுத்துவது அதன் நோக்கம்; அந்த இயக்குநர் திட்டத்தை நடத்தும் அதிகாரிகளுக்குக் கட்டுப்பட்டவர் அல்லர், தம் முடிவுகளைப் பாதுகாப்புச் செயலருக்கும் நாடாளுமன்றத்துக்கும் தெரிவிப்பவர். நடைமுறைச் சோதனை என்பது ஆய்வுக்கூடத்தில் வல்லுநர்கள் இயக்கிக் காட்டுவதைப் பார்ப்பதன்று. அந்தக் கருவியை அன்றாடம் பயன்படுத்தப்போகும் சாதாரண ஆட்கள், அதைப் பயன்படுத்தப்போகும் இடத்தில், தங்கள் வழக்கமான வேலையைச் செய்யும்போது அது எப்படி நடந்துகொள்கிறது என்று பார்ப்பது. பீரங்கி வண்டிக்கும் போர்விமானத்துக்கும் வகுக்கப்பட்ட இந்த முறை மருத்துவமனை நிரலுக்கும் அப்படியே பொருத்தப்பட்டது முதற்பார்வைக்கு விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் அதன் மூன்று கேள்விகளையும் எடுத்து விரித்துப் பார்த்தால், மருத்துவ உலகம் தானாக வகுத்துக்கொண்ட பல அளவுகோல்களைவிட அவை நேர்மையானவை என்பது புலப்படும்.

முதற்கேள்வி பயனுறுதி பற்றியது: கருவி தன்னிடம் ஒப்படைக்கப்பட்ட பணியை உண்மையான சூழலில் நிறைவேற்றுகிறதா? இரண்டாவது பொருத்தம் பற்றியது: பழுதுபார்ப்பு, பயிற்சி, உதவி, கையாளும் எளிமை ஆகியவற்றைக் கணக்கில் எடுத்துக்கொண்டால், இதை நாள்தோறும் வைத்துக்கொண்டு காலம் தள்ள முடியுமா? மூன்றாவது தாக்குப்பிடிக்கும் திறன் பற்றியது: எதிரி தாக்கும்போது, மருத்துவமனை நிரலைப் பொறுத்தவரை கணினி வலையின் வழியே ஊடுருவும்போது, இது நிலைத்து நிற்குமா? வணிகக் காட்சிகளில் ஒரு நிரலுக்கு எத்தனை வசதிகள் உண்டு என்று பட்டியலிடுவார்கள். இந்தக் கேள்விகளோ வசதிகளை எண்ணாமல், வேலை நடந்ததா என்று மட்டுமே கேட்கின்றன. ஒரு நிரல் தன் குறிப்பேட்டில் எழுதியிருக்கும் எல்லாவற்றையும் பிழையின்றிச் செய்துவிட்டு, இரண்டாவது கேள்வியில் தோற்றுப்போக முடியும் என்பதை இந்தப் பகுப்பு தெளிவாக்குகிறது.

எம்எச்எஸ் ஜெனிசிஸ் முதலில் நிறுவப்பட்டது வாஷிங்டன் மாநிலத்தில். 2017 பிப்ரவரியில் ஸ்போகேன் நகருக்கு அருகேயுள்ள ஃபேர்சைல்ட் விமானப்படைத் தளத்தின் மருத்துவமனை, ஜூலையில் ஓக் ஹார்பர் கடற்படை மருத்துவமனை, செப்டம்பரில் பிரமர்ட்டன் கடற்படை மருத்துவமனை, அக்டோபரில் மேடிகன் தரைப்படை மருத்துவ மையம் என்று சிறியதிலிருந்து பெரியதை நோக்கி அது நகர்ந்தது. இவற்றுள் முதல் மூன்று இடங்களிலும் நடத்தப்பட்ட தொடக்க நடைமுறைச் சோதனையின் முடிவை இயக்குநர் ராபர்ட் பெலர் 2018 ஏப்ரல் இறுதியில் அறிக்கையாக்கினார்: அமைப்பு பயனுறுதி உடையதும் அன்று, பொருத்தமானதும் அன்று. அளவீட்டுக்காக எடுத்துக்கொள்ளப்பட்ட 197 பணிகளில் 56 விழுக்காட்டை மட்டுமே பயனர்களால் நிறைவாகச் செய்ய முடிந்தது. புதிய இடங்கள் இணைய இணைய, ஏற்கெனவே இணைந்திருந்த இடங்களில் திரைகள் தாமதிக்கத் தொடங்கின. மற்ற அமைப்புகளிலிருந்து வந்துசேரும் தகவல் சரியானதுதானா என்ற ஐயம் பயனர்களுக்கு எழுந்தது. கண்டறிந்த குறைகளைச் சரிசெய்து மறுபடி சோதிக்கும்வரை புதிய இடங்களுக்கு இதைக் கொண்டுசெல்ல வேண்டாம் என்று அறிக்கை பரிந்துரைத்தது.

56 விழுக்காடு என்ற எண்ணைச் செய்தித்தாள்கள் தேர்வு மதிப்பெண்ணைப்போல எடுத்தாண்டன. அப்படிப் படிப்பது அந்த எண்ணுக்கு அது தாங்காத பாரத்தை ஏற்றுவது. 197 பணிகளும் ஒரே எடை உடையவை அல்ல. ஒரு பயணச்சீட்டைக் கோப்பில் சேர்ப்பதும் ரத்தம் ஏற்றும் முன் நோயாளியின் அடையாளத்தைச் சரிபார்ப்பதும் பட்டியலில் தனித்தனி வரிகளாக நிற்கலாம், ஆனால் ஒன்று தவறினால் எரிச்சல், மற்றது தவறினால் மரணம். பட்டியலை யார் தயாரித்தார்கள், எந்தப் பணி விடுபட்டது என்பதைப் பொறுத்தும் எண் ஏறி இறங்கும். இந்த அளவீட்டின் மதிப்பு விழுக்காட்டில் இல்லை. தோற்ற ஒவ்வொரு பணியும் எந்த மருத்துவமனையில், எந்தப் பிரிவில், யார் கையில், எந்தப் படியில் தோற்றது என்று எழுதி வைக்கப்பட்டதில் இருக்கிறது. அந்த விவரம் இருந்தால்தான் நிரலைத் திருத்துவதா, பயிற்சியைத் திருத்துவதா, மருத்துவமனையின் வேலைமுறையையே திருத்துவதா என்று தீர்மானிக்க முடியும்.

இதே எச்சரிக்கை இன்னொரு எண்ணுக்கும் பொருந்தும். பயனர்கள் அமைப்பின் கையாளும் எளிமைக்கு 100-க்கு 37 கொடுத்தார்கள். ஏற்கத்தக்க எல்லை 70 என்று வைக்கப்பட்டிருந்தது. இந்த அளவுகோலை 1986-இல் இங்கிலாந்தில் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் பணியாற்றிய ஜான் புரூக் வகுத்தார். பத்தே வாக்கியங்கள், ஒன்றுவிட்டு ஒன்றாகச் சாதகமும் பாதகமுமாக எழுதப்பட்டவை; ஒவ்வொன்றுக்கும் முழு மறுப்பிலிருந்து முழு உடன்பாடு வரை ஐந்து நிலைகள்; விடைகளைக் கூட்டிப் பெருக்கினால் 0 முதல் 100 வரை ஓர் எண் கிடைக்கும். அது விழுக்காடு அன்று, எங்கே குறை என்பதையும் அது சொல்லாது. பலவகை நிரல்களுக்குப் பலர் அளித்த மதிப்பெண்களின் சராசரி 68-ஐ ஒட்டி நிற்கிறது என்பதை வைத்துப் பார்க்கும்போதுதான் 37 எவ்வளவு தாழ்ந்தது என்பது புரிகிறது. எளிய கருவி என்றாலும் அது செய்யும் ஓர் அரிய வேலை உண்டு: படைவரிசையில் கீழே இருக்கும் செவிலிய உதவியாளரின் விடையும் மருத்துவமனைத் தளபதியின் விடையும் அதில் ஒரே எடை பெறுகின்றன. அதிகாரப் படிநிலையே மூச்சாக இருக்கும் ஒரு நிறுவனத்தில், பெயர் குறிக்காத ஒரு வினாத்தாள் மட்டுமே தரக்கூடிய சமத்துவம் அது. படையில் மேலதிகாரி கேட்டால் எல்லாம் நன்றாகவே நடக்கிறது என்று விடை வரும். வேலை செய்ய முடியவில்லை என்பதைச் சொன்னால் அது தன் திறமைக்குறைவாக எடுத்துக்கொள்ளப்படும் என்ற அச்சத்தைக் கணக்கில் எடுக்காத எந்த மதிப்பீடும் இனிய பொய்களையே தொகுத்துத் தரும்.

அறிக்கையின் மிகவும் பொருள்பொதிந்த பகுதி எண்களில் இல்லை. பயனர்களின் பொறுப்புகளும் வேலைத் தொடர்களும் சரிவர வரையறுக்கப்படாததால் அன்றாடப் பணிகளுக்குக் கூடுதல் நேரம் பிடித்தது என்றும், மருத்துவர்களில் சிலர் மிகைநேரம் உழைத்தும் முன்பைவிடக் குறைவான நோயாளிகளையே பார்க்க முடிந்ததாகச் சொன்னார்கள் என்றும் அது பதிவுசெய்தது. பொறுப்பு வரையறை என்பது, நிரலுக்குள் நுழையும் ஒவ்வொருவருக்கும் அவரவர் பதவிக்கேற்ப எந்தத் திரைகள் திறக்கும், எதை எழுதலாம், எதைக் காண மட்டுமே செய்யலாம் என்று முன்கூட்டியே விதிப்பது. பொதுமக்கள் மருத்துவமனைகளுக்காக வளர்ந்த ஒரு நிரலில் படைமருத்துவ உதவியாளர் என்ற பதவிக்கு நேரான இடம் கிடையாது. போர்முனையில் அறுவைக்கு நிகரான செயல்களைச் செய்யப் பயிற்சி பெற்ற அவர், தளமருத்துவமனையில் ஒருநாள் செவிலியர் வேலையும் மறுநாள் எழுத்தர் வேலையும் பார்ப்பவர். அவரை எந்தக் கட்டத்தில் அடைத்தாலும் ஏதோ ஒரு வேலைக்குக் கதவு மூடிக்கொள்ளும். இந்தச் சிக்கல் நிரலின் பிழை அன்று, பயனரின் பிழையும் அன்று. இரண்டு நிறுவனங்களின் வேலைப்பங்கீட்டுக் கருத்துகள் மோதிக்கொள்ளும் இடம் அது, நடைமுறைச் சோதனை அன்றி வேறெதிலும் அது வெளிப்படுவதில்லை.

இன்னொரு வேறுபாடும் உண்டு. எந்தப் புதிய அமைப்பு வந்தாலும் முதல் சில மாதங்களில் வேலையின் வேகம் குறையும், பழகப் பழக ஏறும் என்பது பொதுவான அனுபவம். ஆகவே மிக விரைவில் அளந்தால் தீர்ப்பு அநியாயமாகக் கடுமையாகும் என்று நிறுவுபவர்கள் வாதிடுவது வழக்கம். ஊர் மருத்துவமனைக்கு இந்த வாதம் பொருந்தும். படையிலோ மருத்துவரும் செவிலியரும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இடமாற்றம் பெறுகிறார்கள். பழகியவர் போய்ப் பழகாதவர் வந்துகொண்டே இருக்கிறார். எல்லாத் தளங்களிலும் ஒரே அமைப்பு ஒரேவிதமாக நிறுவப்படும்வரை, முதல் மாதங்களின் தடுமாற்றமே அங்கே நிரந்தர நிலையாக இருக்கும். எனவே பழகாத கையில் அமைப்பு எப்படி நடந்துகொள்கிறது என்ற கேள்வி படைமருத்துவமனைக்கு மையமான கேள்வி. அதை அவசரக்காரரின் கேள்வி என்று தள்ளிவிட முடியாது.

மதிப்பீடு எதை அளந்து முடிவு சொல்ல வேண்டும் என்ற விவாதத்தில், நோயாளி பிழைக்கிறாரா என்பதைத்தான் கடைசியில் பார்க்க வேண்டும் என்பார் உண்டு. அது எவ்வளவு கடினம் என்பதற்கு மருத்துவ இலக்கியத்தில் ஒரு புகழ்பெற்ற சான்று இருக்கிறது. பிட்ஸ்பர்க் குழந்தைகள் மருத்துவமனையில், மருத்துவர்கள் மருந்தையும் பரிசோதனையையும் தாளில் எழுதாமல் கணினியிலேயே ஆணையிடும் முறை வந்தபின், பிற மருத்துவமனைகளிலிருந்து அங்கே மாற்றப்பட்டு வந்த குழந்தைகளிடையே இறப்பு 2.80 விழுக்காட்டிலிருந்து 6.57 விழுக்காடாக உயர்ந்தது என்று 2005-இல் வெளியான ஆய்வு காட்டியது. குழந்தை வந்துசேர்ந்து பதிவாகும்வரை ஆணை எழுத முடியாமற்போனது, படுக்கையருகே இருந்த செவிலியரும் மருத்துவரும் கணினியருகே நிற்க நேர்ந்தது, மருந்துகள் மைய மருந்தகத்துக்கு இடம்பெயர்ந்தது ஆகியவற்றை ஆசிரியர்கள் காரணங்களாகச் சுட்டினார்கள். அதே போன்ற முறையை நிறுவிய சியாட்டில் குழந்தைகள் மருத்துவமனையில் அத்தகைய உயர்வு காணப்படவில்லை என்று அடுத்த ஆண்டு ஓர் ஆய்வு வந்தது. ஸ்டான்ஃபோர்டின் குழந்தைகள் மருத்துவமனையில் இறப்பு விகிதம் 20 விழுக்காடு குறைந்ததாக 2010-இல் மற்றொன்று வந்தது. ஒரே வகைக் கருவி ஓரிடத்தில் தீங்கும் ஓரிடத்தில் நன்மையும் ஓரிடத்தில் எதுவுமின்மையும் விளைத்திருக்கிறது. வேறு மருத்துவமனைகளில் வெற்றிபெற்றது என்பதைக் காட்டி ஒரு நிரலைப் படைமருத்துவமனைக்கு விற்பவரின் சான்று எவ்வளவு மெலிந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆதாரம் தேவையில்லை. அந்தந்த இடத்திலேயே சோதித்துப் பார்ப்பதற்கு மாற்று இல்லை.

புகார்களின் எண்ணிக்கையை வைத்து ஓர் அமைப்பை எடைபோடுவதிலும் ஓர் ஆபத்து பதுங்கியிருக்கிறது. பாதுகாப்புத் துறை வாங்கிய அதே அமைப்பை முன்னாள் படைவீரர் நலத்துறையும் 2018-இல் தேர்ந்தெடுத்து, 2020 அக்டோபரில் ஸ்போகேன் நகரின் மான்-கிராண்ட்ஸ்டாஃப் மருத்துவமனையில் முதலில் நிறுவியது. மருத்துவர் ஒரு பரிசோதனைக்கோ சிறப்பு மருத்துவரிடம் அனுப்பவோ ஆணையிடும்போது, அது போய்ச்சேர வேண்டிய இடம் சரியாகப் பொருந்தாவிட்டால், நிரல் அந்த ஆணையைப் பயனர்கள் அறியாத ஒரு வரிசையில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டது. எழுதியவருக்கு எச்சரிக்கை வரவில்லை. பெறவேண்டியவருக்கு எதுவும் வந்துசேரவில்லை. நோயாளி அழைப்புக்காகக் காத்திருந்தார். அந்தத் துறையின் தலைமைத் தணிக்கையாளர் 2022 ஜூலையில் வெளியிட்ட அறிக்கையின்படி 11,000-க்கும் மேற்பட்ட ஆணைகள் அப்படித் தேங்கின. 149 பேருக்குத் தீங்கு நேர்ந்திருந்தது. திரை உறைந்துபோனால் பயனர் உடனே உதவி மையத்தை அழைப்பார், அந்த அழைப்பு எண்ணப்படும். சத்தமின்றித் தவறிய ஓர் ஆணை எந்தக் கணக்கிலும் ஏறாது. ஆகவே புகார் குறைந்திருப்பது நலத்தின் அடையாளம் அன்று. எழுதப்பட்ட ஆணைகளில் ஒரு பகுதியை எடுத்து, ஒவ்வொன்றும் நோயாளியின் உடலை எட்டியதா என்று கடைசிவரை பின்தொடர்ந்து பார்க்கும் சலிப்பான வேலையைச் செய்யாத மதிப்பீட்டாளர், மிகக் கொடிய பிழைகளைக் காணாமலே நற்சான்று எழுதிவிடுவார்.

மதிப்பீட்டியலில் மைக்கேல் ஸ்க்ரிவன் 1967-இல் முன்வைத்த ஒரு பகுப்பு இங்கே உதவுகிறது. செய்யப்படும்போதே திருத்துவதற்காக மதிப்பிடுவது ஒன்று. செய்துமுடித்ததை ஏற்பதா தள்ளுவதா என்று தீர்ப்பளிப்பது மற்றொன்று. திட்டத்தை நடத்துபவர்களுக்கு முதலாவது பிடிக்கும், ஏனெனில் அது உதவி. இரண்டாவது பிடிக்காது, ஏனெனில் அது தீர்ப்பு. 2018 அறிக்கை வந்தபோது திட்ட அலுவலர்கள், இது தொடக்கநிலைப் பரிசோதனையே, குறைகளை அறிந்து திருத்தத்தான் நான்கு இடங்களில் மட்டும் நிறுவினோம் என்றார்கள். அந்த விளக்கத்தில் நியாயம் உண்டு. புதிய இடங்களில் நிறுவுவதை நிறுத்திவைத்து, பொறுப்பு வரையறைகளையும் பயிற்சியையும் கணினி வலையையும் சீர்படுத்தி, 2019 செப்டம்பரில்தான் கலிபோர்னியாவின் டிராவிஸ் விமானப்படைத் தளத்தையும் அதனோடு சேர்ந்த இடங்களையும் அவர்கள் எடுத்துக்கொண்டார்கள் என்பதைப் பாராட்டவும் வேண்டும். ஆனால் கண்டிப்பான அந்தத் தீர்ப்பு இல்லாதிருந்தால் இந்தத் திருத்தங்களுக்கு வேண்டிய இடைவெளி கிடைத்திருக்குமா என்பது ஐயம். அடுத்த கட்டத்துக்கான தேதி முன்பே குறிக்கப்பட்டிருக்கும் திட்டங்களில், குறையைச் சொல்பவர் தாமதப்படுத்துபவராகவே பார்க்கப்படுவார். பின்னர் நடந்த தொடர்ச் சோதனைகள், வழக்கமான புறநோயாளிப் பிரிவுகளின் அடிப்படை வேலைகளுக்கு அமைப்பு பயனுறுதி பெற்றுவிட்டது என்றும், சில சிறப்புப் பிரிவுகளுக்கு இன்னும் பெறவில்லை என்றும், பயிற்சியிலும் மாற்றங்களைப் பயனர்களுக்குத் தெரிவிப்பதிலும் குறைகள் நீடிக்கின்றன என்றும் கண்டன. இப்படிப் பிரித்துச் சொல்லும் தீர்ப்பு, ஒட்டுமொத்தமாக வெற்றி என்றோ தோல்வி என்றோ முழங்குவதைவிடப் பயனுள்ளது. 2024 மார்ச்சில், இரு துறைகளும் சேர்ந்து நடத்தும் வட சிகாகோவின் ஜேம்ஸ் லவல் மருத்துவ மையத்தில் அமைப்பு இயங்கத் தொடங்கியதோடு பாதுகாப்புத் துறையின் நிறுவும் பணி முடிந்தது.

படைமருத்துவமனை என்ற சொல்லுக்குள் இதுவரை பேசப்பட்டவை எல்லாம் கட்டடமும் மின்சாரமும் நிலையான இணைப்பும் உள்ள இடங்கள். படையின் மருத்துவம் தொடங்கும் இடமோ காயம்பட்டவர் விழுந்த மண். அந்த இடத்தில் ஒரு தகவல் அமைப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு அமெரிக்கத் தரைப்படையின் 75-ஆம் ரேஞ்சர் படைப்பிரிவு ஒரு முன்னுதாரணத்தை விட்டுச்சென்றிருக்கிறது. காயம் எங்கே, ரத்தக்கட்டுப் பட்டை எப்போது கட்டப்பட்டது, என்ன மருந்து கொடுக்கப்பட்டது என்பவற்றை முதலுதவி செய்பவரே குறித்து, காயம்பட்டவரோடு அனுப்பும் ஒரு சிறு அட்டையை அவர்கள் வகுத்துக்கொண்டார்கள்; ஒவ்வொரு நிகழ்வுக்குப் பின்னும் அந்தக் குறிப்புகளைப் பதிவேட்டில் சேர்த்து, அதிலிருந்து கற்றதை எல்லா வீரர்களின் பயிற்சிக்கும் திருப்பினார்கள். 2001 அக்டோபர் முதல் 2010 மார்ச் வரை போரில் காயம்பட்ட அவர்களது 419 பேரில் 32 பேர் இறந்தார்கள்; மருத்துவமனைக்கு முந்தைய சிகிச்சையைக் கூட்டியிருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று சொல்லத்தக்க இறப்பு அவற்றுள் ஒன்றுமில்லை என்று 2011-இல் வெளியான ஆய்வு முடிவுகட்டியது. அந்த வெற்றிக்கு அட்டை மட்டுமே காரணம் என்று யாரும் சொல்லவில்லை. ஒவ்வொரு வீரருக்கும் முதலுதவிப் பயிற்சி அளித்து, அதைத் தளபதிகளின் பொறுப்பாக்கியதே அடித்தளம். ஆனால் பதிவு, ஆய்வு, திருத்தம் என்ற சுற்று அங்கே முழுமையாகச் சுழன்றது; அதே காலத்தில் படையின் பிற பகுதிகளில் மருத்துவமனைக்கு முந்தைய சிகிச்சை பற்றிய குறிப்பே பெரும்பாலானோருக்கு இல்லை என்பதை வைத்துப் பார்க்கும்போது, ஒரு தகவல் அமைப்பை எதை வைத்து மதிப்பிட வேண்டும் என்பது துலங்குகிறது: அது சேர்த்துவைத்த தகவல், அடுத்த காயத்துக்கு முன்னால், முடிவெடுக்கும் கைகளுக்குத் திரும்பிப் போய்ச்சேர்ந்ததா?

எம்எச்எஸ் ஜெனிசிஸ் இந்தக் கேள்விக்கு முழு விடை சொல்லும் காலம் இன்னும் வரவில்லை. எல்லா இடங்களிலும் நிறுவி முடித்தாயிற்று என்பதால் மதிப்பிட வேண்டியது தீர்ந்துவிடவில்லை. நிரல் அடிக்கடி புதுப்பிக்கப்படுகிறது, 2017-இல் சோதிக்கப்பட்ட அமைப்பும் இன்று இயங்கும் அமைப்பும் பெயரளவிலேயே ஒன்று. அதை உருவாக்கிய செர்னர் நிறுவனமே 2022-இல் ஆரக்கிளின் கைக்கு மாறிவிட்டது. ஆயுதத்தைப் பொறுத்தவரை சோதனை முடிந்தபின் கருவி பெரிதும் மாறாமல் களத்துக்குப் போகும். மருத்துவமனை நிரலோ களத்தில் இருந்தபடியே மாறிக்கொண்டிருக்கும். ஆயுதங்களுக்காக வகுத்த மதிப்பீட்டு முறை இங்கேதான் போதாமல் போகிறது. அதன் சுதந்திரத்தையும் உண்மையான இடத்தில் உண்மையான ஆட்களைக் கொண்டு சோதிக்கும் பிடிவாதத்தையும் கைவிடாமல், ஒவ்வொரு பெரிய புதுப்பிப்புக்குப் பின்னும் ஆணைகளைப் பின்தொடர்ந்து பார்க்கும் நிரந்தரக் குழுக்களையும், பெயர் குறிக்காத வினாத்தாளையும், இணைப்பு அறுந்த நிலையில் முன்களச் சிகிச்சைக் கூடாரத்தில் நடத்தும் சோதனையையும் அதோடு சேர்க்க வேண்டியிருக்கிறது. இதற்கு ஆகும் செலவு, 430 கோடி டாலரில் தொடங்கிய ஒப்பந்தத்தின் அருகே வைத்துப் பார்த்தால் பெரிதன்று. படைவீரர் தம் உடலை அரசின் கையில் ஒப்படைத்திருக்கும் வரை அந்தச் செலவைச் செய்யும் பொறுப்பும் அரசுடையதே.